அப்பாவின் பிலடெல்பியா குரோமோசோம் பிள்ளைகளுக்கு வருமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான். அப்பாவுக்கு 58 வயது. இடது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறது, கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது என்று காட்டப் போனவருக்கு வெள்ளையணு 1,80,000 இருந்தது. மஜ்ஜை எடுத்துப் பார்த்து சிஎம்எல் என்ற ரத்தப் புற்றுநோய் என்றார்கள். அறிக்கையில் ‘பிலடெல்பியா குரோமோசோம் பாசிட்டிவ்’ என்று இருக்கிறது. மருத்துவர் ‘இது ஜெனட்டிக் மாற்றம்’ என்று சொன்ன நாளிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. உங்களுக்கும் உங்கள் மூன்று வயது மகளுக்கும் இந்தச் சோதனை செய்யவேண்டுமா, தங்கைக்கு வரன் பார்க்கும் நேரத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லியாகவேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சோதனையைப் பற்றிக் கேட்டதுபோல் இருந்தாலும், உங்கள் மனதை அரிப்பது ‘இது எங்கள் ரத்தத்திலேயே ஓடுகிறதா’ என்ற கேள்வி என்றுதான் எனக்குப் படுகிறது.

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓடவில்லை. உங்களுக்கும் மகளுக்கும் தங்கைக்கும் அந்தச் சோதனை தேவையில்லை. அப்பாவின் மஜ்ஜையில் இருக்கிற பிலடெல்பியா குரோமோசோம் அவருடைய பெற்றோரிடமிருந்து வந்ததில்லை, அவருடைய பிள்ளைகளுக்குப் போகக்கூடியதும் இல்லை. இதை நான் தயக்கமில்லாமல் சொல்வேன். 19 ஆண்டுகளாகக் குரோமோசோம் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள் நான். உங்கள் அப்பாவுக்கு வந்தது போன்ற அறிக்கைகளை எழுதுவது என் அன்றாட வேலை. ஆனால் நான் மருந்து எழுதிக்கொடுக்கும் மருத்துவர் இல்லை. எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்பதெல்லாம் அவரைப் பார்க்கிற மருத்துவர்தான் சொல்லவேண்டும். அந்தப் பக்கம் நான் போகமாட்டேன்.

இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் நம் சொல்லிலேயே இருக்கிறது. ஜீன் என்பதற்கு மரபணு என்று பெயர் வைத்தோம். மரபு என்றால் வழிவழியாக வருவது. அதனால் ‘மரபணு மாற்றம்’ என்று காதில் விழுந்த உடனே தாத்தா, பாட்டி, பெரியப்பா என்று மனசு பின்னாலேயே ஓடுகிறது. உண்மையில் மரபணு என்பது ஒவ்வொரு செல்லும் அன்றன்றைக்கு என்ன செய்யவேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் குறிப்பேடும்தான். உடம்பில் 30 லட்சம் கோடிக்கு மேல் செல்கள் இருக்கின்றன. சிவப்பணுவைப் போல உட்கரு இல்லாதவற்றை விட்டுவிட்டால், ஒவ்வொரு செல்லிலும் அந்தக் குறிப்பேட்டின் முழுப் பிரதி 46 குரோமோசோம்களாக மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு பிரதியில் விழுந்த பிழை மற்றப் பிரதிகளில் இருக்காது. மரபணு கெடாமல் புற்றுநோய் வராது. அந்த அர்த்தத்தில் எல்லாப் புற்றுநோயும் மரபணு நோய்தான். பரம்பரையாக வந்தது என்று சொல்லத்தக்கவை அவற்றில் 100க்கு 5 முதல் 10 வரைதான். அப்பாவுடையது அந்தச் சிறு பங்கிலும் சேராது.

அந்த அறிக்கை எப்படித் தயாராகிறது என்று தெரிந்தால் அந்த வார்த்தையின் மீதுள்ள பயம் கொஞ்சம் குறையும். இடுப்பெலும்பிலிருந்து ஊசியில் எடுத்த மஜ்ஜை, உறைந்துவிடாமல் இருக்க ஹெப்பாரின் போட்ட குழாயில் எங்களிடம் வரும். அதைச் சத்துநீரில் கலந்து 37 டிகிரி சூட்டில் ஒரு நாளோ இரண்டு நாளோ வைப்போம். செல் இரண்டாகப் பிரியப்போகும் அந்தச் சிறிது நேரத்தில்தான் குரோமோசோம்கள் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும். மற்ற நேரமெல்லாம் பிரித்துப் போட்ட நூல்கண்டு மாதிரி கிடக்கும். ஆகவே பிரியும் செல்லைப் பாதி வழியில் நிறுத்திப் பிடிக்கவேண்டும். அதற்காக நாங்கள் சேர்க்கும் கோல்செமிட் என்ற மருந்து, கோல்ச்சிசினுக்கு நெருங்கிய உறவு. கோல்ச்சிசின் வேறெங்குமில்லை, நம் மாநிலப் பூவான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருக்கிற நஞ்சு. மூலனூர், தாராபுரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று காட்டில் பயிர்செய்து விதையை மருந்துக் கம்பெனிகளுக்கு விற்கிறார்களே, அதேதான். செல் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கிற நுண்ணிழைகளை அது கட்டவிடாது. செல் அந்த நிலையிலேயே நின்றுபோகும்.

பிறகு உப்புச் செறிவு குறைந்த கரைசலில் ஊறவிட்டால் செல் நீரை இழுத்துப் பருத்துக்கொள்ளும். மெத்தனால் மூன்று பங்கு, அசிட்டிக் அமிலம் ஒரு பங்கு கலந்து அதில் பதப்படுத்துவோம். அந்தப் புளித்த வாடை என் புடவையோடு வீடுவரைக்கும் வரும். ஈரக் கண்ணாடித் தகட்டின் மேல் கொஞ்சம் உயரத்திலிருந்து ஒரு சொட்டு விட்டால் செல் விரிந்து குரோமோசோம்கள் பரவும். டிரிப்சின் என்ற நொதியில் சில நொடி, ஜீம்சா சாயத்தில் சில நிமிடம். நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொரு குரோமோசோமிலும் கருநீலமும் வெளிறலுமாகப் பட்டைகள் தெரியும். 22ஆம் ஜோடியில் ஒன்று ஒழுங்காக இருக்கும். மற்றது கீழ்ப்பாகம் வெட்டுப்பட்ட மாதிரி பொட்டாக நிற்கும். அதுதான் பிலடெல்பியா. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் நான் எப்போதும் சொல்வது, ‘உடனே 22ஐத் தேடாதே, முதலில் 9ஐப் பார்’ என்பது. 9ஆம் ஜோடியில் ஒன்றுக்கு வால் வழக்கத்தைவிட நீண்டிருக்கும். 22 இழந்த துண்டு அங்கேதான் போய் ஒட்டியிருக்கிறது. அறிக்கையில் ‘டி’ போட்டு அடைப்புக்குறிக்குள் 9;22 என்று எழுதுவது இந்த இடமாற்றத்தைத்தான். அப்பாவின் அறிக்கையில் கடைசியில் சதுர அடைப்புக்குள் 20 என்று இருந்தால், பார்த்த 20 செல்களிலும் அது இருந்தது என்று பொருள். புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்களிடம் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அதைப் பார்த்து நோய் முற்றிவிட்டது என்று நினைக்கவேண்டாம்.

பிலடெல்பியா என்பது ஊரின் பெயர். 1960இல் அந்த ஊரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர் சிஎம்எல் நோயாளிகளின் ரத்தத்தில் இந்தக் குட்டைக் குரோமோசோமைக் கண்டார்கள். நோவெல் தகடுகளைக் குழாய்த் தண்ணீரில் அலசியதால்தான் செல்கள் பருத்து, குரோமோசோம்கள் பிரிந்து தெரிந்தன என்று சொல்வார்கள். ஒரு மனித செல்லில் 46 குரோமோசோம்கள் என்பதே 1956இல்தான் உறுதியானது என்பதை நினைத்தால், நான்கே வருடத்தில் இவ்வளவு சின்னத் துண்டைக் கண்டுபிடித்தது எனக்கு இன்றும் வியப்புத்தான். குரோமோசோம் கெடுவது புற்றுநோயின் விளைவு, காரணம் அல்ல என்றே அன்றைக்குப் பலரும் நினைத்தார்கள். 1973இல் சிகாகோவில் ஜேனட் ரௌலி, குரோமோசோம் படங்களைக் கத்தரித்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பிவைத்துப் பார்த்தபோது, 22 துண்டை இழக்கவில்லை, 9க்குக் கொடுத்திருக்கிறது என்று கண்டார். அம்மா காகித பொம்மை வைத்து விளையாடுகிறார் என்று அவர் பிள்ளைகள் கேலி செய்வார்களாம். ஒவ்வொரு நோயாளியிடமும் அதே இரண்டு குரோமோசோம்கள், அதே இடத்தில் துண்டு மாற்றிக்கொண்டிருந்தால் அதைத் தற்செயல் என்று தள்ள முடியுமா?

9இல் உடைந்த இடத்தில் ஏபிஎல் என்ற மரபணு இருக்கிறது. 22இல் உடைந்த இடத்திலிருப்பது பிசிஆர் என்ற மரபணு. கொரோனா நாட்களில் எல்லோரும் செய்துகொண்ட பிசிஆர் சோதனை வேறு, இது வேறு. ஆங்கிலத்தில் முதல் எழுத்து மாறும், தமிழில் எழுதும்போது ஒன்றாகிவிடுகிறது. உங்கள் கையில் இருக்கும் தாளில் இரண்டுமே வரும் என்பதால் சொல்கிறேன். ஏபிஎல் கெட்ட மரபணு அல்ல, எனக்கும் உங்களுக்கும் இருக்கிறது. அது உண்டாக்கும் புரதம் ஒரு கைனேஸ். ஏடிபி என்ற மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து இன்னொரு புரதத்தின் மேல் ஒட்டும். ஒட்டப்பட்ட புரதம் விழித்துக்கொண்டு ‘பிரி, பெருகு’ என்ற செய்தியைக் கைமாற்றும். சாதாரணமாக இந்தக் கைனேஸ் தன் தலைப்பகுதியை மடித்துத் தன்னையே பூட்டிக்கொண்டிருக்கும். வேலை வரும்போது மட்டும் திறக்கும். குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டபோது அந்தப் பூட்டு இருக்கும் தலைப்பகுதி போய்விட்டது, அதன் இடத்தில் பிசிஆரின் தலைப்பகுதி வந்து ஒட்டிக்கொண்டது. அந்தத் தலைக்கு நான்கு நான்காகச் சேர்ந்துகொள்ளும் குணம் உண்டு. சேர்ந்த கைனேஸ்கள் ஒன்றையொன்று தட்டி எழுப்பிக்கொண்டே இருக்கும். திருகு கழன்ற குழாய் மாதிரி, நிறுத்த வழியில்லாமல் செய்தி போய்க்கொண்டே இருக்கும். 1990இல் இந்த ஒட்டு மரபணுவை மட்டும் எலிகளின் மஜ்ஜையில் புகுத்தியபோது அவற்றுக்கு இதே போன்ற நோய் வந்தது. காரணமா விளைவா என்ற கேள்வி அத்துடன் முடிந்தது.

சாதாரணமாக 4,000 முதல் 11,000 வரை இருக்கும் வெள்ளையணு அப்பாவுக்கு 1,80,000 ஆகியும் அவர் நடந்தே மருத்துவமனைக்குப் போனாரே, அதற்கும் காரணம் இருக்கிறது. இந்த நோயின் முதல் கட்டத்தில் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகுகின்றனவே தவிர, முதிர்ந்து வேலை செய்யத் தெரியாதவை ஆகிவிடுவதில்லை. மிஞ்சியவை மண்ணீரலில் போய்ச் சேர, அது வீங்கி வயிற்றை அழுத்துகிறது. சிகிச்சை இல்லாமல் விட்டால் சில ஆண்டுகளில் அதே செல்களில் மேலும் மேலும் பிழைகள் சேரும்: 8ஆம் குரோமோசோம் ஒன்று கூடும், பிலடெல்பியாவே இரண்டாகும். அப்போது முதிராத செல்கள் மஜ்ஜையை அடைத்துக்கொண்டு, நோய் வேகமான ரத்தப் புற்றுநோயாக மாறிவிடும். மாத்திரையை விடாமல் போடச் சொல்வது அந்தக் கட்டம் வரக்கூடாது என்பதற்காகத்தான்.

பரம்பரை இல்லை என்று எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். பழைய ஓலைச்சுவடிகளைப் பதிப்பிக்கிறவர்கள் ஒரு வேலை செய்வார்கள். ஒரே நூலுக்குப் பத்து ஊரில் பத்து ஏடு கிடைக்கும். ஐந்து ஏட்டில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், அந்த ஐந்தும் ஒரு ஏட்டைப் பார்த்துப் பெயர்த்து எழுதியவை என்று கண்டுகொள்வார்கள். பிழை எங்கே நுழைந்ததோ அதற்குப் பின் வந்த பிரதிகளில் மட்டும்தான் இருக்கும். மூல ஏட்டில் இருக்காது. செல்களிலும் இதே கணக்குத்தான். 9ம் 22ம் உடைந்து ஒட்டிய இடத்தை டிஎன்ஏ எழுத்து எழுத்தாகப் படித்தால், அந்த ஒட்டு ஒவ்வொரு நோயாளிக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். ஒருவருடைய ஒட்டு இன்னொருவருக்குப் பொருந்தாது. ஆனால் ஒரே நோயாளியின் கோடிக்கணக்கான புற்றுச் செல்களில் அது எழுத்துப் பிசகாமல் ஒன்றாகவே இருக்கும். அப்படியென்றால் அவை எல்லாம் ஒரே ஒரு செல்லின் வாரிசுகள். அதே நோயாளியின் தோலிலிருந்து செல் எடுத்து வளர்த்துப் பார்த்தால் 9ம் 22ம் ஒழுங்காக இருக்கும். அவர் பிறக்கும்போதே இது இருந்திருந்தால் தோலிலும் இருந்தாகவேண்டும். ஒரே கருவிலிருந்து உருவான இரட்டையரில் ஒருவருக்கு சிஎம்எல் வந்து, மற்றவரின் மஜ்ஜை சுத்தமாக இருந்ததும் பதிவாகியிருக்கிறது.

இன்னும் ஒரு படி போகலாம். பிள்ளைக்குப் போவது விந்தணுவிலும் சினைமுட்டையிலும் இருக்கும் பிரதி மட்டும்தான். அவற்றை உண்டாக்கும் செல்கள், நாம் தாயின் வயிற்றில் கருவாக இருக்கும்போதே தனியாகப் பிரித்து வைக்கப்பட்டுவிடுகின்றன. மஜ்ஜைக்கும் அவற்றுக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. அப்பாவின் மஜ்ஜையில் ரத்த அணுக்களை உண்டாக்கும் ஒரு தாய்ச்செல்லில் இந்த ஒட்டு நடந்தது பெரும்பாலும் நீங்கள் பிறந்து வளர்ந்து வெகுகாலத்துக்குப் பிறகு. ஒருவேளை அதற்கு முன்பே நடந்திருந்தாலும் உங்களிடம் வர அதற்கு வழியில்லை. ஸ்வீடனில் நாடு முழுவதற்குமான நோய்ப் பதிவேடுகளை வைத்து சிஎம்எல் நோயாளிகளின் ரத்த உறவினர்களைத் தேடிப் பார்த்தார்கள். மற்றவர்களைவிட அவர்களுக்கு இந்த நோய் அதிகமாக வரவில்லை. தொட்டால், கூடச் சாப்பிட்டால், ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது என்பதையும் சேர்த்து எழுதுகிறேன், ஏனென்றால் பேத்தியை மடியில் வைத்துக்கொள்ளத் தயங்கிய ஒரு தாத்தாவை நான் பார்த்திருக்கிறேன்.

பரம்பரையாக வரும் புற்றுநோய் வேறு விதமாக இருக்கும். சின்னக் குழந்தைகளின் விழித்திரையில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகப் பளிச்சிடும். அதைப் பார்த்துத்தான் பல பெற்றோர் கண்டுபிடிக்கிறார்கள். 13ஆம் குரோமோசோமில் இருக்கும் ஆர்பி1 என்ற மரபணு, செல் கண்டபடி பிரியாமல் பிடித்துவைக்கும் தடை. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதி உண்டு. இரண்டும் கெட்டால்தான் தடை போகும். 1971இல் ஆல்ஃபிரட் நட்சன் என்ற மருத்துவர் வெறும் நோயாளிக் குறிப்புகளையும் வயதுக் கணக்கையும் வைத்து இதை ஊகித்தார். இரண்டு கண்ணிலும், மிகச் சிறு வயதிலேயே கட்டி வரும் குழந்தைகளுக்கு ஒரு பிரதி பிறவியிலேயே கெட்டிருக்கிறது, இன்னொரு அடி விழுந்தால் போதும். ஒரு கண்ணில் சற்றுத் தாமதமாக வருபவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு அடியும் ஒரே செல்லில் பிறகு விழுந்தவை. 1986இல் அந்த மரபணுவே கையில் கிடைத்தபோது அவர் சொன்னது சரியாக இருந்தது. முதல் வகைக் குழந்தையின் உடம்பில் எல்லாச் செல்களிலும் அந்தப் பிழை இருக்கும், விந்தணுவிலும் சினைமுட்டையிலும்கூட. ஆகவே அதன் பிள்ளைக்குப் போக இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. அந்த வீட்டில் தம்பி தங்கைகளுக்குச் சோதனை செய்யாமல் விட்டால்தான் தப்பு.

பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணுக்களில் பிறவிப் பிழையோடு இருக்கும் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயும் சினைப்பைப் புற்றுநோயும் வரும் வாய்ப்பு அதிகம். மார்பகத்தைப் பொறுத்தவரை 80 வயதுக்குள் 100 பேரில் சுமார் 70 பேருக்கு. ஆகவே சினைப்பைப் புற்றுநோய் யாருக்கு வந்தாலும், மார்பகப் புற்றுநோய் இளம் வயதிலோ ஒரே கிளையில் பலருக்கோ வந்தாலும், பெருங்குடல் புற்றுநோய் இரண்டு தலைமுறையாகத் தொடர்ந்தாலும் மரபணு ஆலோசனைக்குப் போங்கள் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன். சிஎம்எல் வந்த வீட்டுக்கு அதைச் சொல்லமாட்டேன். குடும்பம் முழுவதற்கும் பரம்பரைப் புற்றுநோய்ப் பரிசோதனை என்று யாராவது தொகுப்பாக விற்க வந்தால், உங்கள் விஷயத்தில் அது வீண் செலவு.

அப்படியானால் அப்பாவுக்கு ஏன் வந்தது என்ற கேள்வி மிஞ்சும். இங்கே என் குரல் அவ்வளவு உறுதியாக இருக்காது. நிலைநாட்டப்பட்ட வெளிக்காரணம் ஒன்றுதான்: அதிக அளவுக் கதிர்வீச்சு. ஹிரோஷிமா, நாகசாகியில் குண்டுக்குத் தப்பியவர்களிடம் சிஎம்எல் கூடுதலாக வந்தது. எப்போதோ எடுத்த எக்ஸ்ரேயை நினைத்துக் கவலைப்படவேண்டாம், அந்த அளவெல்லாம் வேறு. பென்சீன் வேறு வகை ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதி. சிஎம்எல்லுக்கு அந்தச் சான்று பலமில்லை. ரத்தத்தை உண்டாக்கும் செல்களில் 9இன் அந்த இடமும் 22இன் அந்த இடமும் பல நேரம் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன, இரண்டும் ஒரே நேரத்தில் உடைந்தால் மாற்றி ஒட்டப்பட வாய்ப்புண்டு என்று ஒரு விளக்கம் இருக்கிறது. எனக்கு அது பொருத்தமாகவே தோன்றுகிறது. மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் 20,000 கோடி சிவப்பணுக்களைப் புதிதாக உண்டாக்குகிறது. அவ்வளவு பிரதி எடுக்கிற இடத்தில், ஆயுள் முழுக்க, பிழையே விழாமல் இருக்காது. அப்பா சாப்பிட்டது, குடித்தது, கவலைப்பட்டது எதையும் இதற்குக் காரணமாகக் காட்ட ஆதாரமில்லை. அவரிடம் இதைச் சொல்லுங்கள். நோயாளிகள் தங்களையே குற்றம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மிக நுட்பமான சோதனை செய்தால், நோயே இல்லாத சிலருடைய ரத்தத்திலும் இந்த ஒட்டு மரபணுவின் சுவடு சிறிதளவு தெரிகிறது என்று 1990களிலேயே கண்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. ஒட்டு நிகழ்ந்தது ஆயுள் குறைந்த செல்லில் என்றால் அந்தச் செல்லோடு அதுவும் போய்விடும். நீண்ட காலம் வாழும் தாய்ச்செல்லில் நிகழ்ந்தால்தான் வேர் பிடிக்கும் என்பது ஒரு விளக்கம். நோய் எதிர்ப்பு சக்தி அவற்றைத் துடைத்துவிடுகிறது என்று சிலர் நினைக்கிறார்கள். எது எவ்வளவு என்று இன்னும் தீர்மானமாகவில்லை. உங்களுக்குச் சோதனை வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பயத்தில் போய்ச் செய்து, இப்படி ஒரு சுவடு தெரிந்துவிட்டால், அர்த்தமில்லாத ஒரு எண்ணை வைத்துக்கொண்டு வருடக்கணக்காகத் தவிப்பீர்கள்.

மருந்தின் அளவைப் பற்றிப் பேசமாட்டேன் என்றேன், ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லலாம். கைனேஸின் உடம்பில் ஏடிபி வந்து உட்காரும் ஒரு குழி இருக்கிறது. சிஎம்எல்லுக்குக் கொடுக்கும் இமாட்டினிப் மாத்திரை அந்தக் குழியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஏடிபிக்கு இடமில்லை, பாஸ்பேட் இல்லை, செய்தி நிற்கிறது. 1998இல் அமெரிக்காவின் ஓரிகனில் பிரையன் டிரக்கர் குழுவினர் முதன்முதலில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 300 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்த 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்களின் எண்ணிக்கை ஒழுங்குக்கு வந்தது. 2001 மே மாதம் அங்கே விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. பெரிய ஆய்வொன்றில் இமாட்டினிப்பில் தொடங்கியவர்களில் 100க்கு 83 பேர் பத்து ஆண்டுகள் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். இதே மாத்திரைக்கு, அதைத் தயாரித்த நோவார்ட்டிஸ் நிறுவனம் காப்புரிமை கேட்டு மனுப் போட்டது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான். 2006இல் அங்கே நிராகரிக்கப்பட்டு, உயர் நீதிமன்றம், தீர்ப்பாயம் என்று நடந்து, 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்தது. அப்போது அந்த நிறுவனத்தின் மருந்து மாதம் சுமார் 1,20,000 ரூபாய், நம் ஊர்க் கம்பெனிகளின் மருந்து சுமார் 8,000 ரூபாய் என்று பேசப்பட்டது. உங்கள் அப்பா மாதாமாதம் மாத்திரை வாங்க முடிவதில் அந்த வழக்குக்கும் பங்கு உண்டு.

சிலருக்கு இந்த மாத்திரை கேட்காமல் போவதும் உண்டு. அதுவும் மரபணுவின் வேலைதான். ஏபிஎல் புரதத்தில் 315ஆவது இடத்தில் இருக்கும் திரியோனின் என்ற அமினோ அமிலம், டிஎன்ஏவில் ஒரே ஒரு எழுத்து மாறியதால் ஐசோலூசின் என்ற இன்னொரு அமினோ அமிலமாக மாறிவிட்டால், இமாட்டினிப் அந்தக் குழிக்குள் பொருந்தாது. அதற்கும் பொருந்தும்படியான புதிய மருந்துகள் வந்திருக்கின்றன. ஆகவே, ரத்தத்தில் ஒட்டு மரபணு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பிசிஆர் சோதனை காட்டும் எண் இறங்கவில்லை என்றால் மருத்துவர் மியூட்டேஷன் சோதனை எழுதுவார், பதறவேண்டாம். அதேபோல், எப்போதாவது உங்களையும் தங்கையையும் எச்எல்ஏ பொருத்தம் பார்க்கச் சொன்னால், அது உங்களுக்கு நோய் இருக்கிறதா என்று பார்க்க அல்ல. மஜ்ஜை மாற்று தேவைப்பட்டால் யாருடையது பொருந்தும் என்று பார்ப்பது. இந்த மாத்திரைகள் வந்தபிறகு சிஎம்எல்லுக்கு அந்தத் தேவை வெகுவாகக் குறைந்துவிட்டது.

தங்கையின் கல்யாணத்துக்கு வருகிறேன். அவளுக்கும் அவளுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கும் இதனால் ஒன்றுமில்லை. அந்த அளவில் மறைக்க எதுவுமே இல்லை. சொல்வதும் சொல்லாததும் உங்கள் குடும்பத்தின் முடிவுதான் என்றாலும், சொல்லிவிடுங்கள் என்பதே என் எண்ணம். காரணம் நியாய அநியாயம் இல்லை, மாத்திரை. சில வருடங்களுக்கு முன் ஒருவருடைய ரத்தம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்களிடம் பிசிஆர் சோதனைக்கு வந்துகொண்டிருந்தது. எண் 0.05 சதவீதத்தில் நன்றாக நின்றது. ஒருமுறை திடீரென்று 4 ஆகிவிட்டது. குழாய் மாறிவிட்டதோ என்று நானே மறுபடி செய்து பார்த்தேன், அதே எண்தான். பிறகுதான் தெரிந்தது, மகள் கல்யாணம். சம்பந்தி வீட்டார் கூடவே தங்கியிருந்ததால் மாத்திரை டப்பாவை அரிசி டின்னுக்குள் ஒளித்துவைத்திருந்தார்கள். அவர் ஒன்றரை மாதமாகச் சரியாகப் போடவில்லை. அதிர்ஷ்டவசமாக, திரும்பத் தொடங்கியதும் எண் இறங்கியது. லண்டனில் 87 நோயாளிகளின் மாத்திரைப் புட்டி மூடியில் சிப் வைத்து எண்ணிப் பார்த்தார்கள். பத்தில் ஒரு பங்குக்கு மேல் தவறவிட்டவர்களில், எண் 0.1க்குக் கீழே போனவர்கள் குறைவு. ஒழுங்காகப் போட்டவர்களில் பெரும்பாலோருக்குப் போனது.

மாத்திரை தொடங்கிய மூன்றாம் மாதம் அந்த எண் 10 சதவீதத்துக்குக் கீழே, ஆறாம் மாதம் 1க்குக் கீழே, ஒரு வருடத்தில் 0.1க்குக் கீழே என்பது பொதுவாகப் பார்க்கும் அளவு. சில ஆண்டுகள் மிகக் குறைவாகவே நின்றவர்களில் சிலருக்கு மருத்துவர்கள் மாத்திரையை நிறுத்திப் பார்ப்பதும் உண்டு. ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்பி வருகிறது, பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள். அதனால் நீங்களாக நிறுத்தவேண்டாம். எல்லாச் சோதனையையும் முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் செய்யுங்கள். ஆய்வகம் மாறினால் எண்களை ஒப்பிடுவது எங்களுக்கே சிரமம். மூன்றாம் மாதத்து எண் வந்ததும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.